அது உள்ளுக்கு இருக்கு

1

இந்தக் கதை எனக்கு பஸ்ஸில் கிடைத்தது. பாதிதான் கிடைத்தது என்பதையும் இப்போதே சொல்லிவிடுவது மரியாதை.

கற்பிட்டியிலிருந்து புத்தளம் போகிற பஸ். எனக்கு முன் இருக்கையில் இரண்டு பெண்கள். ஒருவர் மற்றவரின் காதோரம் குனிந்து, பஸ் முழுவதற்கும் கேட்கிற இரகசியக் குரலில் சொன்னார்: "பிரீசருக்குள்ள அது இருக்கு எண்டு சொன்னா நான் என்ன செய்யிற, நீங்களே சொல்லுங்க."

மற்றவர் பதில் சொல்ல வாயெடுத்தார். அந்த நேரம் பார்த்துப் பாலாவிச் சந்தி வந்து தொலைத்தது. நான் மதுரங்குளிக்காரன். பாலாவியில் இறங்கி வேறு பஸ் பிடிக்கவேண்டும். ஒரு நிமிடம் பொறுங்கள் என்று கண்டக்டரிடம் கெஞ்சிப் பார்த்தேன். அவர் என் பையைத் தூக்கி வெளியே வைத்துவிட்டார். பதில் அந்த பஸ்ஸோடு புத்தளத்துக்குப் போய்விட்டது.

அதன் பிறகு எனக்கு நிம்மதி இல்லை. சோற்றில் கை வைத்தால் அந்த வசனம்தான் ஞாபகத்துக்கு வருகிறது. வேறு வழியில்லாமல் அந்தப் பெண்ணுக்கு ஹவ்வா என்று ஒரு பெயர் வைத்தேன். மாம்புரியில் ஒரு வீடு கட்டிக்கொடுத்தேன். ஒரு புருஷன், ஒரு மகள், பக்கத்து வீட்டில் ஒரு யூஜீனியா என்று ஆட்களைச் சேர்த்துவிட்டேன். இவ்வளவு செலவும் அந்தப் பதிலை எப்படியாவது அவர்கள் வாயிலிருந்து பிடுங்கிவிடலாம் என்ற பேராசையில்தான்.

2

பிரீசரைப் பற்றி ஏன் ஒருவரும் கதை எழுதுவதில்லை என்று எழுத உட்கார்ந்தபோதுதான் விளங்கியது. அலுமாரியை எழுதலாம், திறந்தால் பழைய சேலை மணக்கும். கிணற்றை எழுதலாம், எட்டிப் பார்த்தால் முகம் தெரியும். பிரீசரைத் திறந்தால் ஒரு மணமும் இல்லை, ஒரு முகமும் இல்லை. மீனும் இறைச்சியும் கஞ்சியும் ஒரே நிறத்தில் கல்லாகிக் கிடக்கும். இலக்கியத்துக்கு உதவாத சாமான்.

முதல் தொடக்கம்: "மாம்புரிக் கடலில் சூரியன் மெல்ல—" [வேண்டாம். பிரீசர் குசினியில் இருக்கிறது. குசினியிலிருந்து கடல் தெரியாது.]

இரண்டாவது தொடக்கம்: "மனிதன் எதைச் சேர்த்துவைக்கிறானோ, அதுவே அவனை—" [நல்ல வசனம் என்று நினைத்து வீட்டில் வாசித்துக் காட்டினேன். "பிறகு?" என்றார்கள். பிறகு ஒன்றும் இல்லை.]

மூன்றாவது: "ஹஜ்ஜுப் பெருநாளுக்கு இரண்டு கிழமை இருக்கையில் ஹவ்வாவின் டீப் பிரீசர் மூட மறுத்தது." [இது நிற்கட்டும்.]

3

ஹஜ்ஜுப் பெருநாளுக்கு இரண்டு கிழமை இருக்கையில் ஹவ்வாவின் டீப் பிரீசர் மூட மறுத்தது.

சுற்றிவர ஐஸ் வளர்ந்து விளிம்புக்கு மேலே வந்திருந்தது. ஹவ்வா மூடியின் மேல் ஏறி உட்கார்ந்து பார்த்தாள். மகள் ஷம்லாவையும் பக்கத்தில் உட்காரவைத்துப் பார்த்தாள். இரண்டு பேர் பாரத்துக்கும் அசையவில்லை. உப்பு லொறி ஓட்டப் போயிருந்த அன்ஸார் வந்து, மனைவியும் மகளும் பிரீசரின் மேல் குந்தியிருப்பதைக் கண்டு, தேத்தண்ணி கேட்க வந்ததையே மறந்துபோனார்.

"பெருநாளைக்கு குர்பான் இறைச்சி வரும். எங்க வைக்கப் போறீங்க? என்ட லொறியிலயா?" என்றார்.

பெருநாளுக்கு அறுத்துப் பங்கிடுகிற குர்பான் இறைச்சி ஒரு வீட்டிலிருந்து வருவதல்ல. சொந்தக்காரர், பள்ளிவாசல், கூட்டாளிமார் என்று நாலு பக்கத்திலிருந்தும் பை பையாக வந்து சேரும். வருவதில் ஒரு பங்கு மறுபடி அக்கம்பக்கத்துக்குப் போகும். மிச்சத்தை வைக்க ஒரு பிரீசர் வேண்டும், அந்தப் பிரீசரில் இடமும் வேண்டும்.

ஹவ்வா 1990இல் வடக்கு முஸ்லிம்கள் துரத்தப்பட்டபோது மன்னார் எருக்கலம்பிட்டியிலிருந்து கட்டிய துணியோடு வள்ளத்தில் வந்து கற்பிட்டியில் இறங்கியவள். அதனால்தான் இப்படிச் சேர்த்துவைக்கிறாள் என்று எழுதினால் உங்களுக்கும் எனக்கும் வசதியாக இருக்கும். ஆனால் அவளோடு அதே வள்ளத்தில் வந்த அவளுடைய தங்கச்சியின் பிரீசரில் ஐஸ் தட்டும் அரைப் போத்தல் நன்னாரியும் மட்டும்தான் இருக்கின்றன. ஆகவே அந்தக் காரணத்தை எடுத்துக்கொண்டு ஓடவேண்டாம். ஹவ்வா சேர்ப்பவள், அவ்வளவுதான். அவள் வீட்டில் ஒன்றும் பழுதாய்ப் போகாது. போவதற்கு முன் பிரீசருக்குள் போய்விடும்.

அன்றைக்கே ஹவ்வா சட்டம் போட்டாள். பிரீசரின் அடி தெரியும்வரை வீட்டுக்கு மீன் இல்லை, இறைச்சி இல்லை, கோழி இல்லை. உள்ளே இருப்பதைத்தான் ஆக்கித் தின்னவேண்டும்.

கடற்கரை ஊரில் மீன் வாங்காமல் இருப்பது சின்னக் காரியம் இல்லை. மீன்காரர் அலியார் மோட்டார்சைக்கிளில் வந்து வாசலில் ஹோர்ன் அடித்தார். ஒருவரும் வரவில்லை. மறுநாளும் அடித்தார். மூன்றாம் நாள் மீனும் ஐஸும் போட்ட ரெஜிபோம் பெட்டியின் மூடியைத் திறந்தபடியே முற்றத்துக்குள் வந்துவிட்டார்.

"ராத்தா, என்னோட என்ன கோவம்? போன கிழம தந்த பாரையில ஏதும் பிழையா?"

"கோவமும் இல்ல ஒண்டும் இல்ல. பிரீசரக் காலியாக்கிறம்."

அலியார் நம்பவில்லை. ஹவ்வா ராத்தா வேறு மீன்காரனிடம் போய்விட்டாள் என்று மாம்புரிச் சந்தியில் ஒரு கதை உலவத் தொடங்கியது.

உள்ளே இருந்தவை ஒவ்வொன்றாய் வெளியே வந்தன. ஹவ்வா பையில் பெயர் எழுதும் பழக்கம் இல்லாதவள், எல்லாம் தலைக்குள் இருக்கிறது என்பாள். தலைக்குள் இருந்தவற்றுக்கும் பைக்குள் இருந்தவற்றுக்கும் பெரிய சம்பந்தம் இருக்கவில்லை. ஒருநாள் இறால் என்று எடுத்தது உருகியதும் நோன்புக் கஞ்சியாக மாறியது. ரமழானில் பொரிக்காமல் விட்ட கட்லட்டுகளைத் தேங்காய்ப் பாலில் போட்டு ஆணம் காய்ச்சினாள். ஐஸ்கிரீம் பெட்டி ஒன்றை ஷம்லா ஆசையோடு திறந்தாள். உள்ளே துருவிய தேங்காய்ப்பூ. இன்னொன்றைத் திறந்தாள். கருவாடு. மூன்றாவதில் உண்மையாகவே ஐஸ்கிரீம் இருந்தது, ஆனால் அதற்குள் அவளுக்கு நம்பிக்கை போய்விட்டது.

"இது என்ன ஆணம்?" என்று அன்ஸார் கோப்பையைக் கிளறினார்.

"பிரீசர் ஆணம்."

"என்ட லொறியில ஏத்துற உப்புக்கும் ஒரு பேர் இருக்கு ஹவ்வா. கல்லுப்பு, தூளுப்பு எண்டு. இதுக்கு ஒரு பேர் வேணாமா?"

"பசிக்கிறவனுக்குப் பேர் எதுக்கு? தின்னுங்க."

அன்ஸார் பாணைத் தோய்த்துத் தின்றார். நல்லாயிருந்தது. நல்லாயிருக்கிறது என்று சொன்னால் நாளைக்கும் வரும் என்ற பயத்தில் வாய் திறக்கவில்லை.

4

இங்கே கதையை நிறுத்திவைத்து ஒரு சொல்லைப் பற்றிப் பேசவேண்டும்.

ஹவ்வா வீட்டில் ஒரு மிருகத்தின் பெயரைச் சொல்லமாட்டார்கள். எந்த மிருகம் என்று உங்களுக்கே தெரியும். பெயருக்குப் பதில் 'அது' என்பார்கள். தோட்டத்து மரவள்ளியை ராவோடு ராவாக அது கிண்டிட்டுப் போயிட்டு. சிலாபத்துப் பக்கம் சாப்பாட்டுக் கடைகள்ள அதுவும் ஆக்குவாங்க, பார்த்துத் தின்னுங்க. இந்த இரண்டாவது வசனத்தைச் சொல்லாமல் ஹவ்வா ஒரு தரமாவது அன்ஸாரை லொறியில் ஏற்றியதில்லை.

முன்னால் ஒரு சாமானின் பெயரைச் சொல்லிவிட்டுப் பிறகு 'அது' என்றால் அந்தச் சாமான். முன்னால் ஒன்றும் சொல்லாமல் மொட்டையாக 'அது' என்றால், அது.

இதனால் எனக்கு வந்த தொல்லையைப் பாருங்கள். 'அது' இல்லாமல் தமிழில் ஒருவன் எப்படிக் கதை எழுதுவான்? பாண் கடைக்குக்கூடப் போய்வர முடியாது. இருந்தாலும் ஹவ்வாவின் வீட்டுக்குள் காலை வைத்தபிறகு அவளுடைய முறைப்படி நடப்பதுதான் ஒழுங்கு. இனிமேல் கதைசொல்லியாகிய நான் 'அது' என்றால் அந்த மிருகம்தான், வேறொன்றுக்கும் அந்தச் சொல்லைப் பாவிக்கமாட்டேன். [அதை, அதில், அதன் என்பவை தூரத்து உறவு. அவற்றையும் பிடித்து உள்ளே போட்டால் எனக்கு மொழியே மிஞ்சாது.]

5

பிரீசரின் அடி தெரியத் தொடங்கிய நாளில் இடது மூலையில் அது— [மன்னிக்கவும். பழக்கதோஷம்.] இடது மூலையில் அந்தப் பை கிடந்தது.

நீல நிறச் சிலிசிலிப் பை, அதற்குள் இன்னொரு பை. ஹவ்வா தன் பைகளை அவற்றின் காதுகளையே பிடித்து முடிச்சுப் போடுவாள். இந்தப் பை வலை நூலால் கட்டியிருந்தது. மாம்புரியில் வலை நூலால் பை கட்டுகிற பக்கத்து வீடு ஒன்றுதான்: யூஜீனியாவின் வீடு. அவளுடைய புருஷன் இன்னாசிப்பிள்ளை கடலுக்குப் போகிறவர். இடது மூலையும் யூஜீனியாவின் மூலைதான். [ஒரு முஸ்லிம் வீட்டுப் பிரீசரில் வேதக்காரப் பெண்ணுக்கு எப்படி ஒரு மூலை வந்தது என்பதைப் பிறகு சொல்கிறேன்.] ஆனால் அந்த மூலையில் அவள் வைப்பது மீன், இறால், கணவாய். இந்தப் பைக்குள் தெரிந்ததோ கருஞ்சிவப்பாய் ஒரு கட்டி. இறைச்சி.

"மகள், இத யார் வச்ச?"

ஷம்லா எட்டிப் பார்த்தாள். "ஆ, இது யூஜீனியா மாமி வச்ச. நீங்க வீட்ல இல்ல உம்மா."

"எப்ப?"

"ஞாபகம் இல்ல. மாமி புது உடுப்பு உடுத்திருந்தா. கோயிலுக்குப் போற அவசரம். நான் கட்டார்ல இருந்து இவர் எடுத்த கோல்ல கதைச்சுக்கொண்டு நிண்டன்."

"என்ன எண்டு சொன்னா?"

ஷம்லா கண்ணை மூடி யோசித்தாள். "'உம்மாட்டச் சொல்லுங்க மகள், அது உள்ளுக்கு இருக்கு' எண்டு சொன்னா."

ஹவ்வா பிரீசருக்குள் இருந்த கையை மெல்ல வெளியே எடுத்தாள்.

"வடிவா யோசி. வேற ஒண்டும் சொல்லல்லயா?"

"இல்ல உம்மா. அது உள்ளுக்கு இருக்கு எண்டா. நானும் சரி மாமி எண்டு—" தன் வாயால் சொன்னது அப்போதுதான் ஷம்லாவின் காதில் விழுந்தது. கணவனோடு கதைத்த சந்தோஷத்தில் அன்றைக்குக் கேட்காதது, இன்றைக்குத் தெளிவாய்க் கேட்டது. வாயைப் பொத்திக்கொண்டாள்.

யூஜீனியா புது உடுப்பு உடுத்துவது வருடத்தில் இரண்டு தரம். ஒன்று தலவிலை அன்னம்மாள் திருநாளுக்கு, மற்றது கிறிஸ்து பிறந்த நத்தாருக்கு. நத்தாருக்கு அவள் வீட்டில் அது சமைப்பார்கள். அன்றைக்கு ஹவ்வா வீட்டுப் பக்கத்து ஜன்னலைச் சாத்திவிட்டுத்தான் யூஜீனியா அடுப்பை மூட்டுவாள். ஜன்னல் சாத்தியிருப்பதைக் காணாதவள் மாதிரி ஹவ்வாவும் இருப்பாள். முப்பது வருடமாக இரண்டு பேரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. பேசாமலே நடக்கிற மரியாதை அது— [பார்த்தீர்களா. மறுபடியும்.]

6

"போய்க் கேட்டுவிடவேண்டியதுதானே?" என்று நீங்கள் கேட்பீர்கள். என் வீட்டிலும் இதையேதான் கேட்டார்கள்.

கேட்கலாம். ஆனால் என்னவென்று கேட்பது? "யூஜீனியா, என்ட பிரீசர்ல நீங்க அது வச்சீங்களா?" இந்தக் கேள்விக்கு ஓம் என்று பதில் வந்தால் ஒரு பிரச்சினை. இல்லை என்று வந்தால் இன்னும் பெரிய பிரச்சினை. அப்படியொரு காரியம் செய்கிறவள் என்றா என்னை நினைத்தாய் என்று அந்த 'இல்லை'க்குள்ளேயே ஒரு கேள்வி இருக்கும். எறியலாமென்றால் சாமான் ஹவ்வாவுடையது இல்லை. மௌலவியிடம் போனால் முதலில் யார் வைத்த பை என்றுதான் கேட்பார், பிறகு ஊருக்கே தெரிந்துவிடும்.

இனி அந்த மூலையின் கதை. 2019இல் தேவாலயங்களில் குண்டு வெடித்த அந்த ஈஸ்டர் ஞாயிறுக்குப் பிறகு—

[இந்த இடத்தில் இரண்டு பக்கம் எழுதிக் கிழித்தேன். சிரிக்க வந்த கதை அந்தப் பாரத்தைத் தாங்காது. ஒன்றும் எழுதாமல் தாண்டிப் போனாலோ நான் பொய்யனாகிவிடுவேன். நாலு வரி மட்டும் எழுதுகிறேன்.]

அந்த ஞாயிறுக்குப் பிறகு சில கிழமைகள் இரண்டு வீட்டுக்கும் இடையில் வேலியில் ஆள் நுழைகிற பொட்டால் ஒருவரும் போய்வரவில்லை. ஹவ்வாவுக்கும் யூஜீனியாவுக்கும் ஒருவர் மேல் ஒருவருக்குக் கோபம் இல்லை. முதல் வார்த்தையாக என்ன சொல்வது என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை, அவ்வளவுதான். ஒருநாள் காலையில் யூஜீனியா ஒரு பை சூடை மீனோடு வந்து நின்றாள். "ராத்தா, உங்கட பிரீசர்ல கொஞ்சம் இடம் இருக்கா?"

அன்றே கறி வைத்துத் தீர்த்திருக்கக்கூடிய மீன். ஹவ்வாவுக்கும் தெரியும். நிரம்பி வழிந்த பிரீசரிலிருந்து தன்னுடைய சாமான்களைத் தூக்கி வெளியே வைத்து, இடது மூலையைக் காலியாக்கிக் கொடுத்தாள். வெளியே வைத்ததெல்லாம் பகலுக்குள் உருகிவிட்டது. அன்றைக்கு அன்ஸார் வீட்டில் மூன்று வகை ஆணம்.

அன்றிலிருந்து அந்த மூலை யூஜீனியாவின் மூலை. இப்போது ஹவ்வாவுக்கு உள்ளதெல்லாம் ஒரே பயம்தான். பிழையாக ஒரு சொல் சொன்னால் அந்த மூலை நிரந்தரமாகக் காலியாகிவிடும்.

7

பைக்குள் என்ன இருக்கிறது என்று எழுதுகிறவனுக்காவது தெரிந்திருக்கவேண்டும். எனக்குத் தெரியாது. மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன்.

(அ) அதுதான். நத்தார் அவசரத்தில் இன்னாசிப்பிள்ளை இரண்டு பையை மாற்றிக் கட்டிவிட்டார். இறால் என்று நினைத்து யூஜீனியா கொண்டுவந்து வைத்தாள். இறால் அவள் வீட்டில் நாறிப்போனபோதுதான் விளங்கியது. சொல்ல வெட்கப்பட்டு வாயை மூடிக்கொண்டாள்.

(ஆ) போன வருடம் ஹவ்வாவே கொடுத்த குர்பான் இறைச்சி. யூஜீனியா அன்னம்மாளுக்கு நேர்ந்துகொண்டு திருநாள் முடியும்வரை மச்சம் தின்னாமல் விட்டிருந்தாள். ராத்தா தந்ததைப் பழுதாக்க மனமில்லாமல் ராத்தாவின் பிரீசரிலேயே கொண்டுவந்து வைத்தாள். பிறகு மறந்துபோனாள். இந்தக் கணக்கில் ஹவ்வா இவ்வளவு நாளும் பயந்து நடுங்கியது தன்னுடைய இறைச்சிக்கு. [எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். பிடித்திருக்கிறது என்பதாலேயே சந்தேகமாகவும் இருக்கிறது.]

(இ) தூண்டிலுக்கு வைத்த இரை. சூரை மீனின் இரத்தச் சதை. மனிதர் ஒருவரும் தின்னப்போவதில்லை.

8

நான் இப்படி யோசித்துக்கொண்டிருக்க, ஹவ்வா எனக்கு முந்திக்கொண்டாள்.

அவளுக்கு ஒரு யோசனை வந்திருந்தது. பிரீசரை எப்படியும் கழுவத்தானே வேண்டும். மார்க்க முறைப்படி ஏழு தரம், அதில் ஒரு தரம் மண் கலந்த தண்ணீரால் கழுவிவிட்டால், உள்ளே இருந்தது எதுவானாலும் பிரீசர் சுத்தம். ஒருவரிடமும் ஒன்றும் கேட்கத் தேவையில்லை. ஒருவர் மனமும் நோகாது.

பையை ஐஸோடு ரெஜிபோம் பெட்டிக்குள் வைத்தாள், கையில் வேறு இரண்டு சிலிசிலிப் பையை மாட்டிக்கொண்டு. அன்ஸாரும் ஷம்லாவும் பிரீசரைத் தூக்கி முற்றத்தில் வைத்தார்கள். வாளியில் மண்ணைக் கரைத்தாள்.

[இங்கே ஒரு பழைய சம்பவத்தைச் சொருகவேண்டும். முன்னாலேயே சொல்லியிருக்க வேண்டியது, மறந்துவிட்டேன். மேலே போய்ச் சொருகச் சோம்பலாக இருக்கிறது. சில வருடங்களுக்கு முன் யூஜீனியாவின் நாய் ஹவ்வாவின் சோற்றுப் பானையை நக்கிவிட்டது. ஹவ்வா மண் போட்டு ஏழு தரம் பானையைக் கழுவினாள். மண் அள்ளிக்கொண்டு வந்து கொடுத்தவளே யூஜீனியாதான். "நாய்க்கு மட்டுமா ராத்தா இப்பிடி?" என்று கேட்டாள். "நாய்க்கும், அதுக்கும்" என்று ஹவ்வா சொன்னாள். சொருகியாயிற்று. மேலே போகலாம்.]

மண் தண்ணீரை ஹவ்வா பிரீசருக்குள் ஊற்றித் தேய்த்துக்கொண்டிருந்தபோது, வேலிக்கு மேலால் யூஜீனியாவின் தலை தெரிந்தது.

"என்ன ராத்தா, பெருநாளைக்குப் பிரீசரயும் குளிப்பாட்டுறீங்களா?"

"ஐஸ் பிடிச்சிட்டு புள்ள. அதுதான்—" என்று தொடங்கிய ஹவ்வா அந்தச் சொல்லில் தடுக்கி நின்றுபோனாள்.

யூஜீனியாவின் கண் வாளிக்குப் போனது. "மண்ணா?"

"கறை போகட்டும் எண்டு."

யூஜீனியா வாளியைப் பார்த்தாள். பிரீசரைப் பார்த்தாள். பிரீசரை நாய் நக்காது. தலையை இறக்கிக்கொண்டு உள்ளே போனாள். கொஞ்ச நேரத்தில் ஹவ்வா வீட்டுப் பக்கத்து ஜன்னல் சாத்துகிற சத்தம் கேட்டது.

அன்றைக்கு நத்தார் இல்லை.

9

ஹவ்வா ஏழு தரத்தையும் முடித்தாள். தொடங்கியதைப் பாதியில் விடுகிறவள் இல்லை. ஆனால் கை தேய்த்ததே ஒழிய மனம் அந்த ஜன்னலிலேயே இருந்தது. கேட்காமல் இருந்து காப்பாற்றலாம் என்று நினைத்தாள். வாயால் கேட்காததை வாளி கேட்டுவிட்டது.

பிரீசர் காய்ந்து உள்ளே வந்தது. அலியாரை ஹோர்ன் அடிக்கவிடாமல் ஷம்லாவே வாசலில் மறித்து மீன் வாங்கினாள். சந்திக் கதை அன்றோடு செத்தது. ஒரு வேளைக்குத் தேவையான அளவு பிரித்துக் கட்டி, ஒவ்வொரு பையிலும் டேப் ஒட்டிப் பெயர் எழுதினாள். பாரை. விளமீன். இறால். "பேர் இல்லாத ஒண்டும் இனி உள்ளுக்குப் போகக்கூடாது உம்மா" என்று புதுச் சட்டமும் போட்டாள். வலது பக்கம் குர்பான் இறைச்சிக்கு இடம் விட்டாள். இடது மூலைக்குக் கை போனபோது ஹவ்வா தடுத்தாள்.

"அங்க வைக்காத."

"ஏன் உம்மா? மாமி இனி—"

"அங்க வைக்காத எண்டன்."

அந்தப் பையை என்ன செய்வது என்று நான் ஹவ்வாவுக்கு ஒரு வழி எழுதிக்கொடுத்தேன். கடற்கரைக்குக் கொண்டுபோய்க் குழி தோண்டிப் புதைத்துவிடு, காற்று மண்ணை மூடிவிடும், நானும் ஒரு நல்ல வசனத்தோடு முடித்துவிடுவேன் என்றேன். நான் உருவாக்கிய பெண், நான் கட்டிக்கொடுத்த வீட்டில் நின்றுகொண்டு, என் பேச்சைக் கேட்கவில்லை. பெட்டியைத் திறந்து பையை எடுத்தாள். இந்தத் தரம் கையில் ஒன்றும் மாட்டவில்லை. வேலிப் பொட்டால் நுழைந்து யூஜீனியாவின் குசினிக்குள் போனாள்.

யூஜீனியா மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"மண் போட்டுக் கழுவினீங்க ராத்தா."

"ஓம்."

"ஏழு தரம்."

"எண்ணினீங்களா?"

"ஜன்னல் நீக்கலுக்குள்ளால எண்ணினன்."

ஹவ்வாவுக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கிற நேரம் இல்லை என்பதால் அடக்கிக்கொண்டாள்.

"என்னட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்" என்றாள் யூஜீனியா.

"கேட்டா உங்களுக்கு மனம் நோகும் எண்டு பயந்தன்."

"இப்ப நோகல்லயா?"

இதற்கு ஹவ்வா சொல்ல மூன்று பதில் எழுதி வைத்திருந்தேன். மூன்றும் அச்சில் அழகாக இருந்திருக்கும். அவள் ஒன்றையும் தொடவில்லை. பையை மேசையில் வைத்துவிட்டு, ஒருவரும் இருக்கச் சொல்லாமலே கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"நான் செஞ்சது பிழதான் புள்ள. நாளைக்குப் பெருநாள். இறைச்சி வரும், பிரீசர் நிரம்பும். எவ்வளவு நிரம்பினாலும் இடது பக்க மூல உங்கட. இண்டைக்கும் நான் அங்க ஒண்டும் வைக்கல்ல. இந்தப் பைக்குள்ள என்ன இருந்தாலும் அந்த மூல உங்கடதான். இத முதல்ல சொல்லிட்டுத்தான் மத்தத கேக்கிறன்."

பிறந்ததிலிருந்து ஹவ்வாவின் வீட்டில் ஒருவர் 'அது' என்றால் மற்றவர் புரிந்துகொண்டு தலையைக் குனிவார், விளக்கம் கேட்கிற வழக்கம் இல்லை. ஐம்பது வயதைத் தாண்டிய ஹவ்வா முதல் தரமாகக் கேட்டாள்.

"எது?"

யூஜீனியா கத்தியைக் கீழே வைத்தாள். கையைச் சட்டையில் துடைத்தாள். பையைப் பார்த்தாள், வலை நூல் முடிச்சைப் பார்த்தாள், பிறகு ஹவ்வாவைப் பார்த்தாள். அவளுடைய தோள் இரண்டும் குலுங்கின. சிரித்தாளா அழுதாளா என்று எனக்குத் தெரியவில்லை, நான் பின் இருக்கையில் இருந்தேன்.

"ஐயோ ராத்தா," என்று வாயைத் திறந்தாள், "அது—"

பாலாவி.

10

நான் இறங்கவேண்டும். கண்டக்டர் ஏற்கெனவே என் பையில் கை வைத்துவிட்டார்.

நீங்கள் புத்தளம் வரை போகிறவர்கள். உங்களுக்குப் பதில் கேட்கும். (அ), (ஆ), (இ) மூன்றையும் இருக்கையில் விட்டுவிட்டுப் போகிறேன். வேண்டுமானால் எடுத்துக்கொள்ளுங்கள், வேண்டாமென்றால் நீங்களே ஒன்றைச் செய்துகொள்ளுங்கள். நான் பூட்டி வைத்திருந்த 'அது' என்ற சொல்லையும் திருப்பித் தந்துவிடுகிறேன், இனி தாராளமாகப் பாவிக்கலாம். எதைத் தெரிந்தெடுத்தாலும் ஒன்றை மட்டும் மாற்றவேண்டாம். அந்த இடது மூலை காலியாகவே இருக்கட்டும். யூஜீனியா அடுத்த பை மீனோடு வருவாள் என்று ஹவ்வா பிடித்துவைத்திருக்கிற இடம் அது.

கொஞ்சம் கெதியாய்ச் சொல்லுங்கள். பை மேசையில் கிடக்கிறது. வலை நூலிலிருந்து தண்ணீர் சொட்டத் தொடங்கிவிட்டது.